ஆபீஸ் பெஞ்சில் நான் மட்டும்

இன்று காலை எஸ்டேட் ஆபீஸ் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளிடம் முட்டிவலித் தைலம் மணத்தது. நீ தடவுகிற அதே தைலம். நீ செத்து நாற்பது நாளாகிவிட்டது என்று தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன். யாரோ ஒருத்தி.

உன்னையும் என்னையும் ஒரே நாளில்தான் டாக்டர் மலையேறக் கூடாது என்றார். மலையேறாவிட்டால் கொழுந்து எடுக்க முடியாது. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். வண்டிப்பெரியாரை விட்டால் நமக்குப் போக்கிடம் ஏது? டீ ஃபேக்டரியைச் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்ட இரண்டு பெண்கள் வேண்டும், கொஞ்சம் இங்கிலீஷ் பேசினால் போதும் என்றதும் நீதான் இருவர் பெயரையும் கொடுத்தாய். நீ பத்தாவது வரை படித்தவள். நான் ஐந்தோடு நின்றவள்.

அதுவரை வலியோடு மலையேறினோம். கொழுந்து கிள்ளிக்கொண்டே சொல்லிக் கொடுத்தாய். ஒரு மொட்டைக் காட்டி, "ஏளா, ஒத்தையா இருந்தா முன்னாடி எ போடு. எ பட்." கை நிறைய இலையை அள்ளி, "கூட்டமாயிட்டா எ வேண்டாம். லீவ்ஸ். அம்புட்டுதான்."

யானைக்கு மட்டும் ஏன் ஆன் எலிஃபன்ட் என்று கேட்டேன்.

"எ எலிஃபன்ட்னு சொல்லிப் பாரு, நாக்கு இடறும்."

"ஒத்தை யானை எதுக்க வந்துட்டா?"

"ஆனாவது எலிஃபன்டாவது, ஓடுளா."

சிரித்த பிறகும் என் முகம் தெளியவில்லை. "ஆபீசுல நான் பேசுதேன். நீ தலைய ஆட்டு, போதும்" என்றாய். அந்தத் தைரியத்தில்தான் இருந்தேன்.

பிறகு ஒரு மத்தியானம், கொழுந்து நிறுக்கிற வரிசையில் நின்றவள் அப்படியே உட்கார்ந்தாய். எழுந்திருக்கவே இல்லை. போன வாரம் உன் வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டி, சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டுத் தேனிக்குப் போய்விட்டார். அந்தப் பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்தது என் கதவுதான் என்று நடுங்குவேன்.

இன்று பெஞ்சிலிருந்து என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நான் யார் என்று மேனேஜர் இங்கிலீஷில் கேட்டார். ஐ ஆம் எ வொர்க்கர் என்று நூறு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் இருபது வருஷமாக எடைக்காரரிடம் சொல்லிப் பழகிய வாய், "இருநூத்திப் பதினேழு" என்றது. கூலிப் பதிவேட்டில் என் செக்ரோல் நம்பர். அதுவும் தமிழில். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வீடு போச்சு என்று நான் எழுந்துவிட்டேன்.

பக்கத்திலிருந்த மேடம், "இரிக்கூ சேச்சி" என்று மலையாளத்தில் உட்காரச் சொன்னார். மேசைத் தட்டில் கிடந்த கொழுந்தைக் காட்டி, அதைப் பற்றிச் சொல்லச் சொன்னார். மொட்டு ஒன்றை எடுத்தேன். "திஸ் இஸ் எ பட்." மிச்சத்தை அள்ளினேன். "தீஸ் ஆர் லீவ்ஸ்." வாட்டுவது, அரைப்பது, உலர்த்துவது என்று நீ சொல்லித் தந்தது ஒவ்வொன்றாக வந்தது. திக்கித் திக்கித்தான். ஆனாலும் வந்தது.

வேலை கிடைத்துவிட்டது. வீடும் நிலைத்தது. இரண்டு பேர் வேண்டாம், ஒருத்தியே போதும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நாளை காலை ஒரு பஸ் நிறைய ஆட்கள் வருகிறார்களாம். அவர்கள் முன்னால் நான் பேசப்போவதெல்லாம் உன் வாயிலிருந்து வாங்கியது. பயமாக இருக்கிறது. தப்பாகச் சொன்னால் உன்னைப் போல இடுப்பில் கிள்ளித் திருத்த யாரும் இல்லை.