காரில் இருந்த அரிசி

1975 பிப்ரவரி 4, மீனாட்சிபுரம்

காலையில் பதினெட்டு நோயாளிகள். பாதிப் பேருக்கு இருமல், மீதிப் பேருக்கு மாமியார்.

தபாலில் திருவனந்தபுரத்திலிருந்து மருத்துவக் கவுன்சில் கடிதம். அரிசி கடத்திய வழக்கில் தண்டனை பெற்றதால் டாக்டர்கள் பதிவேட்டிலிருந்து என் பெயரை ஏன் நீக்கக் கூடாது? மார்ச் 20 அன்று நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும்.

பெயர் போனால் ஊசி போட முடியாது, மருந்துச் சீட்டு எழுத முடியாது. பதினோரு வருடமாக இதைத் தவிர நான் வேறென்ன செய்தேன்?

பிப்ரவரி 5

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். போன நவம்பரில் பொள்ளாச்சியில் மருந்து வாங்கிக்கொண்டு கேரளப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பும்போது, எல்லைச் செக்போஸ்டில் டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். இரண்டு மூட்டை அரிசி. தமிழ்நாட்டிலிருந்து அரிசியை வெளியே கொண்டுபோகத் தடை. டாக்டரம்மா காரைச் சோதிக்க மாட்டார்கள் என்று என் கிளினிக் ஆயா சின்னத்தாயி எனக்குத் தெரியாமல் ஏற்றியிருக்கிறாள். "இது யாருதுங்க?" என்றார் போலீஸ்காரர். பின்சீட்டில் அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னுதுதான்" என்றேன். இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். திமிர்தான். டாக்டரை என்ன செய்துவிடப் போகிறார்கள் என்ற திமிர்.

கோர்ட்டில் வக்கீல் நல்லதம்பி, "ஒத்துக்குங்க. அபராதத்தக் கட்டீட்டுப் பத்து நிமிசத்துல போயரலாம்" என்றார். கிளினிக்கில் மயிலாத்தாளுக்குப் பிரசவ வலி எடுத்திருந்தது. ஒத்துக்கொண்டேன். பத்து நிமிடம்தான் ஆனது.

பிப்ரவரி 11

நல்லதம்பியைப் பார்த்தேன். அப்பீல் செய்யக் கெடு முடிந்துவிட்டதாம். "இப்படி வரும்னு எனக்குந் தெரியலீங்க டாக்டர்." நான் ஒரு நோயாளியிடம் இப்படிச் சொன்னால் சும்மா விடுவார்களா?

பிப்ரவரி 27

சின்னத்தாயிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஊசிகளைக் கொதிதண்ணீரில் போட்டுக்கொண்டே, "நானே வந்து சொல்லிப்போடறனுங்க. புள்ளைங்க ரெண்டையும் எங்கண்ணனூட்டுல உட்டுட்டு வாரனுங்க" என்றாள். புருஷன் இல்லாதவள்.

"வாய மூடீட்டு வேலையப் பாரு" என்றேன். அழுதாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. யார் அழ வேண்டியது?

மார்ச் 9

உண்மையைச் சொல்வதில் என்ன தப்பு? காலையிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தப்பில்லை என்றால் ஒரு தடவை கேட்டால் போதாதா?

மார்ச் 20, திருவனந்தபுரம்

சொல்லிவிட்டேன்.

நீள மேசை, ஐந்து டாக்டர்கள். "அரிசி என்னுடையதல்ல, என் ஆயாவுடையது." அவள் பெயரை யாரும் கேட்கவே இல்லை. நானே சொன்னேன். சின்னத்தாயி என்று, ஊரையும் சேர்த்து.

தலைவர் கையை உயர்த்தினார். கோர்ட் கொடுத்த தீர்ப்பை இங்கே மறுபடி விசாரிக்க முடியாது, நீங்களே ஒப்புக்கொண்ட குற்றம் என்றார். மலையாளத்தில், வெகு மரியாதையாக. ஓரத்தில் இருந்தவர் மட்டும், அப்படியானால் கோர்ட்டில் சொன்னது பொய்யா என்று கேட்டார்.

நான் சொன்னதை யாரும் எழுதிக்கூட வைக்கவில்லை. அவளுக்கு ஆபத்தில்லை, எனக்கும் பலனில்லை. சும்மா காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 16, மீனாட்சிபுரம்

உத்தரவு வந்தது. ஒரு வருடத்துக்குப் பெயர் நீக்கம்.

ஏப்ரல் 18

போர்டைக் கழற்றினோம். அப்படியும் ஆட்கள் வந்தார்கள். மயிலாத்தாள் குழந்தையைத் தூக்கி வந்தாள், நல்ல காய்ச்சல். கை தானாக நீண்டது, இழுத்துக்கொண்டேன். பொள்ளாச்சிக்குப் போகச் சொன்னேன்.

சின்னத்தாயி வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பொழப்பே போச்சுங்க. அப்பவும் எங்க டாக்டரம்மா எம்பேர ஒரு வார்த்த வெளீல சொல்லலீங்க." மயிலாத்தாள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு என்னைக் கும்பிட்டாள்.

அவர்கள் போன பிறகு சின்னத்தாயி உள்ளே வந்தாள். இந்த ஒரு வருடமும் என்னைத் தனியாக விடப் போவதில்லையாம். சம்பளம் வேண்டாமாம், கூடவே இருந்து சமைத்துப் போடுவாளாம்.

சரி என்றேன்.