மூன்றாம் வகுப்புக்கு ஒரு மழைப்பாடம்

தேவாரம்
4.7.1938

அன்புள்ள ஜெபராணிக்கு,

சுகம். நீயும் மதுரையில் சுகந்தானே? பயிற்சிப் பள்ளியில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள் எழுதிய புத்தகத்தை நானே நடத்துகிறேன் என்பதில் எத்தனை பெருமை! ஆனால் ஒரு குறை. ‘கார்முகில் வெற்பினை எய்தி’ என்று மழைப்பாடம் தொடங்குகிறாயே, மூன்றாம் வகுப்பில் ஒருவருக்கும் விளங்கவில்லை. வெற்பு என்றால் என்ன என்று கேட்டேன். “வெறும் புல்லு டீச்சர்” என்றாள் மாயக்காள். சன்னலுக்கு வெளியே அந்த மலையே நிற்கிறது!

மாயக்காள் இரண்டாம் வருடமாக அதே வகுப்பில் இருக்கிறாள். “இந்த வருசமும் தேறலன்னா களையெடுக்கப் போகட்டும், டீச்சரம்மா” என்கிறார் அவள் அப்பா மொக்கைச்சாமி. அந்தப் பாடத்தை எளிதாக மாற்றி எழுதித் தருவாயா?

உன் சுருளியம்மாள்

மதுரை
11.7.1938

சுருளி,

உன் கடிதம் சுருக்கென்று தைத்தது. பெரியவர்கள் மெச்சிய நடை அது. பிள்ளைகளை நீ மேலே ஏற்று. என் புத்தகத்தைக் கீழே இழுக்காதே.

ஜெபராணி

தேவாரம்
20.7.1938

கோபக்காரிக்கு,

உன் பாடத்தை ஐந்தாம் வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். ரசித்துப் படித்தார்கள். பாடம் நல்ல பாடம், வகுப்புதான் தப்பு. மூன்றாம் வகுப்புக்குக் கரும்பலகையில் நானே எழுதினேன்: ‘மேகம் மலையில் மோதியது. மழை கொட்டியது.’ மாயக்காள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுச் சன்னலுக்கு ஓடினாள். “டீச்சர், நம்ம மலையவா எழுதியிருக்காக?” என்றாள். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கு அதற்குமேல் எழுத வரவில்லை, ஜெபா. உனக்கு வரும்.

சுருளி

மதுரை
2.9.1938

அன்புள்ள சுருளி,

பல நாள் மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டேன். பிறகு, மூன்றாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளுக்கு அந்தப் பாடத்தை வாசித்துக் காட்டினேன். பாதியில் தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பி வரவேயில்லை! உட்கார்ந்து புதிதாக எழுதினேன். பழைய பாடங்கள் ஐந்தாம் வகுப்புக்குப் போகட்டும் என்று பதிப்பகத்தாரும் ஒப்புக்கொண்டார்கள். அச்சுத் தாள்களை அனுப்புகிறேன். உன் பிள்ளைகள்தான் முதலில் படிக்க வேண்டும்.

ஜெபா

தேவாரம்
15.3.1939

என் ஜெபா,

ஜெயித்துவிட்டோமடி! நேற்று இன்ஸ்பெக்டர் வந்தார். உன் தாள்களில் நான் இன்னும் நடத்தாத குரங்குக் கதையை மாயக்காளிடம் நீட்டினார். மளமளவென்று வாசித்தவள், குரங்கு தேங்காயைத் தன் தலையிலேயே போட்டுக்கொள்ளும் இடத்தில் சிரித்துவிட்டாள். அடக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டரும் சிரித்தார். “இவளிடம் பொருள் வேறு கேட்க வேண்டுமா?” என்று தேர்ச்சி போட்டார்.

வாசலில் நின்ற மொக்கைச்சாமி, “எம்மகளா வாசிச்சா? களைக்கு வேற ஆளு பாத்துக்கிறேன், டீச்சரம்மா. நாலாம் வகுப்புல சேத்துக்கங்க” என்றார்.

சாயந்தரம் அவர் வீட்டு முன்னால் கூட்டம். மாயக்காள் மறுபடி வாசிக்கிறாள், தெருவே சிரிக்கிறது. எழுதினது யார் என்று கேட்டார்கள். உன் பெயரை உரக்கச் சொன்னேன்.

உன் சுருளி