லோமாக்ஸ் துரையைச் சுமந்தவரை நினைவுக்கல்லில் இருந்து அகற்றியமை தொடர்பாக

அனுப்புநர்:
வே. தங்கராசா,
நகர நூதனசாலையின் சம்பளமில்லா வழிகாட்டி (ஆறு வருடம்),
லோமாக்ஸ் குறோசிங், விக்டோரியா, அவுஸ்திரேலியா.

பெறுநர்:
பாரம்பரியப் பிரிவு அதிகாரி அவர்கள்,
லோமாக்ஸ் குறோசிங் நகரசபை.

விடயம்: பாலத்தடிப் புதிய நினைவுக்கல்லின் வரைவில் ஒரு வரியை நீக்கியது.

மதிப்புக்குரிய அம்மணி அவர்களுக்கு,

இது இப்படித்தான் முடியும் என்று நான் முன்னமே சொன்னனான். நினைவுக்கல் குழு கூடிய முதல்நாளே, தேத்தண்ணி ஆறமுன்னம், கடைசியில் இந்த வரியில்தான் கை வைப்பீர்கள் என்று நான் சொன்னதற்கு ஆறு பேர் சாட்சி. எந்த மொழியிலும் முறையிடலாம் என்று சபையின் துண்டுப்பிரசுரம் கூறுவதால் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லும் குறைக்கக்கூடாது.

1. இந்நகரை நிறுவிய எட்வின் லோமாக்ஸ் துரையின் சரித்திரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. பேராசிரியர்மாரே என்னிடம் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். துரை 1849இல் கப்பலில் வந்தவர். மாட்டுவண்டியில் இங்கு சேர்ந்து, ஆற்றைக் கடக்கும் துறையில் ஒரு சத்திரம் போட்டார். பூர்வகுடிகள் இருந்த நிலத்தை யாரையும் கேளாமல் அளந்தார். மூன்றாம் மாதம் ஊருக்குத் தன் பெயரையே வைத்தார். தெருக்களுக்கு மகள்மாரின் பெயர். அது முடிந்ததும் குதிரைகளின் பெயர். நானும் படகில்தான் வந்தனான். பதின்மூன்று வருடமாக, முடிவு வரும்வரை தரும் பிரிட்ஜிங் விசாவில் இருந்துகொண்டு மல்கிரேவில் கந்தோர்கள் துப்புரவாக்குகிறேன். என் பெயர் தபால்பெட்டியில் மட்டும் இருக்கிறது.

2. 1856இல் துரை முதலாவது சட்டசபைக்குப் போட்டியிட்டார். வேட்புமனுவை அக்கரையில் கொடுக்கவேண்டிய கடைசி நாள் ஆற்றில் வெள்ளம். பழைய நினைவுக்கல், அவர் தன்னந்தனியாக நீந்திக் கடந்தார் என்கிறது. துரைக்கு நீந்தவே தெரியாது. அவருடைய நாட்குறிப்பு நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டியில் திறந்தபடி இருக்கிறது. அதில் உள்ளது: "மெட்ராஸ்காரச் சமையல்காரன் என்னைத் தோளில் சுமந்து கடந்தான். அவனுக்குக் குளிர் பிடித்தது. வியாழன் புதைத்தோம்." அவ்வளவுதான். அடுத்த வரி, துரையின் சப்பாத்து காய்ந்த செய்தி. துரை வென்றார். ஒன்பது வருடம் சட்டசபையில் இருந்து நிலச்சட்டம் பேசினார், கதிரையில் நித்திரையும் கொண்டார். சுமந்தவரைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

3. அந்தச் சமையல்காரர் கந்தவனம் என்பவர் என்று கண்டுபிடித்தவன் நானே. புதிய கல்லின் வரைவில் அவர் பெயரும், சுமந்த வரியும் இருந்தன. போன மாதம் உங்கள் சரித்திர ஆலோசகர் பெயருக்கு ஆதாரம் கேட்டார். கேரம் டவுன்ஸ் கோயிலில் அவருக்கு மோட்ச அர்ச்சனை செய்த ரசீதை, பெயர் நட்சத்திரத்தோடு கொடுத்தேன். ரசீது போன வருடத்தியது என்று அவர் சிரித்தாராம். வெள்ளத்தில் முதலை வந்தது என்று பாடசாலைப் பிள்ளைகளுக்கு நான் சொன்னதும் பைலில் இருக்கிறதாம். முதலையை நான் அப்போதே வாபஸ் பெற்றுவிட்டேன். ஆனாலும், நம்பமுடியாத ஆள் சொன்னது என்று முழு வரியையும் நீக்கி, திரும்பவும் "தன்னந்தனியாக" என்றே பொறிக்கப் போகிறீர்கள். வரும் வெள்ளிக்கிழமை உளி பட்டால், இன்னும் நூற்றைம்பது வருடத்துக்கு அதுதான் உண்மை.

ஆகவே, வெள்ளிக்கு முன்னர் அந்த வரியைத் திரும்பச் சேர்க்குமாறு பணிவோடும் கோபத்தோடும் கேட்டுக்கொள்கிறேன். மேலே கூறிய யாவும் உண்மை.

இடம்: லோமாக்ஸ் குறோசிங்
திகதி: 12.08.2025

இங்ஙனம்,
வே. தங்கராசா

பி.கு.: கையெழுத்து வைத்த பிறகு என் மனைவி பவளம் இதை வாசித்தா. "முதலையை விட்டியள், இந்தப் பெயரையும் விடுங்கோ. உங்கட வாயால அந்த மனுசன் இரண்டாந்தரம் புதைபடப் போறார்" என்றா. கந்தவனம் என்பது நான் வைத்த பெயர். அர்ச்சனைக்கு ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. அவருக்காக வந்துவிட்டு, பெயர் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கந்தவனம், பூராடம் என்றேன். பெயரை எடுத்துவிடுங்கள். மற்றதை நாட்குறிப்பில் உள்ளபடியே பொறியுங்கள். அது துரையின் கையெழுத்து, என்னுடையது அல்ல.