வாய் வைக்காத ரொட்டி

எண்ணெய் வயல் முகாம், அதிராவ்
3 செப்டம்பர் 2004

அன்பு ரைகானுக்கு,

உன் சாகிந்திக் எழுதுவது. சோற்றோடு மணலும் தின்கிறேன், மற்றபடி சுகம். நம் பையன் மிராஸின் இருமல் குறைந்ததா? அந்த ஈர வாடகை அறையில் இன்னொரு குளிர்காலம் வேண்டாம்.

எர்மெக் தன் வீட்டை நமக்கு விற்கச் சரி என்றுவிட்டான். ஆனால் நான் ஏமாறப் பிறந்தவனில்லை. வீடு வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களை எல்லாம் இங்கே விசாரித்துவிட்டேன். நீ போய், வீட்டைச் சூடேற்றும் குழாயில் துரு இருக்கிறதா பார். கூரை மூலையில் ஈரக்கறை தேடு. வில்லங்கம் இல்லையென்று பதிவு அலுவலகத்தில் எழுதி வாங்கு. முக்கியமாக, அவன் மனைவி நோட்டரி முன்னால் சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வழக்கோடு வருவாள். என் பெயரில் வாங்குவதால் மனைவி என்ற முறையில் உன் சம்மதக் கையெழுத்தும் கேட்பார்கள். அது சும்மா சடங்கு.

இன்னொன்று. வீட்டுக்கு வந்தவர் ஒரு துண்டு ரொட்டி தின்னாமல் போகக்கூடாது என்பது நம் வழக்கம்தான். ஆனாலும் அங்கே ரொட்டியில் வாய் வைக்காதே. தின்றுவிட்டால் உனக்குக் குறை சொல்ல நாக்கு எழாது.

உன்,
சாகிந்திக்

தராஸ்
19 செப்டம்பர்

என் மிராஸின் அப்பாவுக்கு,

இருமல் அப்படியேதான். குழாயில் துரு இல்லை, கூரையில் கறை இல்லை, வில்லங்கமும் இல்லை. அவ்வளவு வெளிச்சமான சமையலறையை நான் பார்த்ததே இல்லை. ஆசை வந்துவிட்டது, மறைப்பானேன்.

எர்மெக்கின் மனைவி குலாஷ் ரொட்டித் தட்டை நீட்டினாள். நேரமாகிவிட்டது என்றேன்.

"ஒரு துண்டு பிச்சு வாயில வச்சிட்டுப் போ, தங்கச்சி. ரொட்டியைவிடப் பெரிய ஆளா நீ?"

அவள் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டினேன்.

பிறகு நோட்டரி அலுவலக வாசலில் எர்மெக் சிகரெட் பிடிக்க நகர்ந்ததும் குலாஷ் என் கையைப் பிடித்தாள். "வித்த காசோட அவரு அஸ்தானாவுல இருக்கிறவகிட்ட போயிருவாரு. நானும் பொண்ணுங்களும் எங்க போவோம்? நான் கையெழுத்துப் போடலேன்னா அடி விழும். நீ வீடு வேணாம்னு சொல்லிடேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது உங்க குடும்ப விஷயம், அக்கா. கையெழுத்து சரியா இருந்தா போதும்." பழியை உங்கள்மேல் போடமாட்டேன். அந்தச் சமையலறைக்காக நானே சொன்னது.

அவள் போட்டாள். அடுத்து நான் என்றார்கள். பிறகு வருவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை.

ரைகான்

அதிராவ்
1 அக்டோபர்

ரைகான்,

ஊரார் கண்ணீரைத் துடைக்க நமக்கு வக்கிருக்கிறதா? நாம் விட்டால் இன்னொருவன் வாங்குவான். இப்படிக் குறையில்லாத வீடு மறுபடி அமையாது. போய்க் கையெழுத்துப் போடு. பிள்ளைகளை நினை.

சாகிந்திக்

தராஸ்
12 அக்டோபர்

என் மிராஸின் அப்பாவுக்கு,

பிள்ளைகளைத்தான் நினைத்தேன். அவளுக்கும் இரண்டு இருக்கிறார்கள்.

எனக்குச் சம்மதமில்லை என்று நோட்டரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பதிவு முடியுமுன் குலாஷும் தன் சம்மதத்தைத் திரும்பப் பெறலாமாம். விசாரித்து அவளிடம் சொன்னேன். விசாரிக்க நீங்கள்தானே கற்றுக்கொடுத்தீர்கள். தன் அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நோட்டரியிடம் போயிருக்கிறாள்.

அதற்கு முன்னால் அவளிடம் நானே கேட்டு ரொட்டி வாங்கித் தின்றேன். அவள் தேநீர் ஊற்றினாள்.

கோபம் ஆறினால் வாருங்கள். அறை ஈரமாகத்தான் இருக்கிறது, அடுப்பை மூட்டி வைக்கிறேன். ஆளாளுக்கு எங்கள் கையெழுத்தைக் கேட்டீர்கள். அவளையும் என்னையும், சம்மதமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ரைகான்