நெருங்கிய உறவினர் ஒருவர்

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்றும் நிருபர் இஸ்மத்தோடு சண்டை. 'அப்பகுதி மக்கள் கூறினர்' என்று எழுதிக் கொண்டுவந்தான். எந்த மக்கள்? பெயர் போடாவிட்டால் போகிறது, சொன்னது யார் என்று செய்தியைத் திருத்துகிற எனக்காவது தெரிய வேண்டாமா? "ஆரம்பிச்சுட்டீங்களாக்கா" என்று சிரிக்கிறான்.

துடியலூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தால் என் வீட்டுக்காரர் ஜெரால்டு மேல் அந்தச் சாராய வாடை. ஈஸ்டர் அன்று அத்தை முன்னால், இனிக் குடிக்கமாட்டேன் என்று பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்த மனுஷன்! அத்தைக்குத் தெரிந்தால் உடைந்துபோவார். வாயை மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஜெரால்டு போய்விட்டார். நேற்றுச் சாயங்காலம் மதுக்கரையில், லாரியில் மோதி — எழுத வரவில்லை. இன்று அடக்கம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

எங்கள் பேப்பரிலேயே வந்திருக்கிறது. இஸ்மத் எழுதியது. "'குடித்துவிட்டுத்தான் பைக் எடுத்தார்' என்று நெருங்கிய உறவினர் ஒருவர் கூறினார்."

ஆஸ்பத்திரியில் உறவென்று நின்றது நானும் கொழுந்தன் வின்ஸ்டனும்தான். கூடப்பிறந்தவன் சொல்வானா? பேப்பர்காரி பெண்டாட்டிதான் சொல்லியிருப்பாள். எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அத்தை பேப்பரை என் மடியில் போட்டார். "ஏங்கண்ணு, பேப்பர்ல போடறதுக்கு எம்பையந்தான் கெடைச்சானா?"

நான் சொல்லலை அத்தை. சத்தியமா நான் சொல்லலை.

ஆகஸ்ட் 26, திங்கள்

இஸ்மத்துக்குப் போன் செய்தேன். அழுகிறான், பெயரை மட்டும் சொல்லமாட்டேன் என்கிறான். "டெஸ்க்ல உக்காந்து கேட்டா சொல்லிப்போடுவனுங்க. இப்ப ஊட்டு ஆளா, ஊட்ல இருந்து கேக்கறீங்களேக்கா." பாவி, அவன் சொல்வதும் சரிதான்.

செய்தி பொய் என்றால் சண்டை போடலாம். பொய் இல்லையே.

செப்டம்பர் 2, திங்கள்

தாராபுரத்திலிருந்து வின்ஸ்டன் வந்தான். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். அன்று அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் குடித்தார்களாம். "வண்டி எடுக்காதேன்னு எத்தனையோ சொன்னனுங்க அண்ணி, கேக்கலை. அந்த ஆத்தாமைல நிருபர்கிட்ட சொல்லிப்போட்டேன். அப்பறம் பேரு போடாதீங்கன்னு கெஞ்சினேன்."

பளாரென்று அறைய வேண்டும் போலிருந்தது. அம்மாவிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டான்.

வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன்? அத்தைக்கு மிச்சம் இவன் ஒருத்தன்தான். இவனையும் பிடுங்கிவிட்டு அவர் எப்படி இருப்பார்?

செப்டம்பர் 10

அத்தை இன்றும் பேசவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

முப்பதாம் நாள் பூசை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அத்தை முன்வரிசை, பின்வரிசை என்று எல்லாரையும் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. குவித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

மதியம் வின்ஸ்டனோடு தாராபுரத்துக்குக் கிளம்பிவிட்டார். அங்கேயே இருந்துகொள்கிறாராம். வாசலில், "இவனாச்சும் கூடப் பொறந்தவன் பேரைக் கெடுக்கலை" என்றார்.

வின்ஸ்டன் வாயைத் திறந்தான். வேண்டாமென்று தலையாட்டினேன். அத்தையின் மாத்திரைப் பையை அவன் கையில் கொடுத்து, எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று சொல்லி அனுப்பினேன்.

பதினோரு வருஷம் என்னை மகளே என்று கூப்பிட்டவர்.

செப்டம்பர் 23, திங்கள்

வேலைக்குப் போனேன். இஸ்மத் கொண்டுவந்த தற்கொலைச் செய்தி ஒன்றில், 'நெருங்கிய உறவினர் ஒருவர் கூறினார்'. கேட்பதற்கு முன்னாலேயே, "யாருன்னு சொல்லட்டுங்களாக்கா?" என்றான்.

அது வேண்டாம், அங்கே உறவென்று எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு பேருங்க."

அந்த வரியை எடுத்துவிட்டேன்.