இளவரசி வந்த மறுவருடம்

பிப்ரவரி 10, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். வீடு இருக்கும் மாசியிலிருந்து வேலைக்கு மவுண்ட் வெல்லிங்டன் வரை காரில் ஊர்தல். அச்சுக்கடையில் ஏர்கோன் மறுபடி படுத்துவிட்டது.

இன்றைய வடிவமைப்பு வேலை: போலந்துக்காரர் சங்கத்தின் கண்காட்சிப் பலகை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய துறவிகளின் ஆண்டுக்குறிப்பாம். வருடத்துக்கு ஒரு வரி. வரியே இல்லாமல் வெறும் எண் மட்டும் நிற்கும் வருடங்கள் ஏகப்பட்டது. அசிங்கம். அவற்றை எடுத்துவிட்டு மற்றதை நெருக்கினேன். லட்சணமாக வந்தது.

வீட்டில் மாமா, மனைவி ரெஜியின் அப்பா. மன்னாரிலிருந்து வந்து ஒரு மாதம். "தம்பி, ஞாயிறு பூசை முடிய ஃபாதரிட்டைப் பேர் குடுக்கவேணும். ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எண்டால் இதுதான் கடைசி. நான் ஊருக்குத் திரும்ப முதல் பாத்திட்டால் நிம்மதி."
பார்க்கிறேன் மாமா என்றேன். எத்தனையாவது பார்க்கிறேன்! மகன் மதம் மாறுகிறான் என்று ஈப்போவில் அம்மாவுக்குத் தெரிந்தால் சோறு இறங்காது.

வாங்க: பால், கறிவேப்பிலை.

12, வியாழன்
தூறல். சங்கத்து டனூட்டா வந்தார். பலகையைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. காலி வருடங்கள் எங்கே? ஒன்றும் நடக்கவில்லையே என்றேன். யாரும் எழுதவில்லை, நடக்கவில்லை என்று யார் சொன்னது என்றார். சரிதான். எனக்கு எதற்கு அதிகப்பிரசங்கித்தனம்? எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன்.

போடும்போதுதான் கவனித்தேன். பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஒரு வருடம்: இளவரசி கோமகனிடம் வந்தாள். மறுவருடம்: கோமகன் ஞானஸ்நானம் பெற்றான். அடக் கடவுளே, நம்ம கதை! ரெஜி வந்தது போன வருடம்.

அவனுக்கும் ஒரு மாமனார் இருந்திருப்பார்.

13, வெள்ளி
ரெஜியிடம் சொன்னேன், சிரிப்பாள் என்று. சிரிக்கவில்லை.
"வந்தாள் எண்டுதானே கிடக்கு. வர விருப்பமோ எண்டு அவளை ஆரும் கேட்டவையோ?"
சுருக்கென்றது. நானும் கேட்டதில்லை. விசா எடுத்தேன், வந்தாள்.
"உனக்கு என்னதான் வேணும், சொல்லு" என்றேன்.
வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு: "அப்பா வர முதல் ஒவ்வொரு ஞாயிறும் கோயிலுக்குள்ளை நான் தனிய. நீங்கள் காருக்குள்ளை ஃபோனோடை. பக்கத்திலை வந்து இருங்கோ, போதும். எனக்காக ஞானஸ்நானமெண்டு முழுகவேண்டாம். அப்பாவுக்காகவும் வேண்டாம்."
இவ்வளவுதானா! வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும்.
மாமாவிடம் நான்தான் சொல்லவேண்டும். பயம்.

15, ஞாயிறு
நல்ல வெயில். முதல்முறை சர்ச்சுக்குள், ரெஜி சொல்லும் கோயிலுக்குள். எப்போது எழுவது, எப்போது உட்காருவது, ஒன்றும் புரியவில்லை. முன்னால் இருந்த சமோவாக்கார அம்மாவைப் பார்த்துச் செய்தேன். ரெஜி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

பூசை முடிந்து வாசலில் ஃபாதர். மாமா என் முழங்கையைப் பிடித்தார். "வாங்கோ தம்பி, பேரைச் சொல்லுவம்."
நான் வாயெடுப்பதற்குள் ரெஜி.
"நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான், அப்பா."
அவரிடம் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை. மாமா கையை விட்டார்.

காரில் திரும்பினோம். கிளென் ஈடன் தாண்டும்போது பின்சீட்டிலிருந்து மாமா, "நான் திரும்பிப் போற டிக்கெட்டை முந்திப் போடேலுமோ?"
"ஏலும், அப்பா" என்றாள் ரெஜி, திரும்பாமல். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மாசி வீடு வரை ஒரு கையால்தான் ஓட்டினேன்.