உன் அளவில் தைத்த கோட்டு

என் ஏழுமலை மச்சானுக்கு,

நீ போனபிறகு இரண்டு முறை மல்லாட்டை பிடுங்கியாகிவிட்டது. இந்தத் தடவை நிலக்கடலைக் காய் நல்ல திரட்சி. உன் மோட்டார் சைக்கிளை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். சிரிக்காதே. மிதிவண்டியிலேயே வாய்க்காலில் விழுந்தவன் என்று ஊருக்கே தெரியும். ஆனால் திண்டிவனத்தில் ஏலம் கூவுவதற்கு முன்னால் போய் நின்றால்தான் நல்ல சரக்கு கைக்கு வருகிறது. பஸ்ஸை நம்பினால் அடுத்தவன் பொறுக்கியது போக மிச்சம்தான்.

இந்தக் கடிதத்தை நம் வியாபாரிகள் மலரில் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். மண்டிக்காரர்கள் பலர் வண்டி வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். நான் செய்த தப்பை அவர்கள் செய்ய வேண்டாம்.

விக்கிரவாண்டி தாண்டி அந்தப் புளியமர வளைவில் நீ விழுந்தபோது உடம்பில் பெரிய காயமே இல்லை, அடி தலையில் மட்டும்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உன் தங்கை பச்சையம்மாள் அதை மறக்கவில்லை. நான் வண்டிச் சாவியை எடுத்த அன்றே வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“தலையிலேர்ந்து கால்வரைக்கும் மூடிக்கினு போறதா இருந்தா போங்க. அண்ணன் மாதிரி வெறுந்தலையோட கெளம்பினா நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன்.”

குதிரைச் சேணம் தைக்கும் காசிம் பாயைக் கூட்டிவந்தேன். தோல் கோட்டும் கையுறையும் பூட்ஸும் அவர் தைப்பார். ஹெல்மெட்டை அளவு எழுதி அனுப்பி மெட்ராஸிலிருந்து வரவழைப்பார். அவர் நாடாவைப் பிரித்து என் தலையைச் சுற்றிப் போட்டதுதான் தாமதம், பச்சையம்மாள் ஓடிவந்து பிடுங்கிவிட்டாள்.

“உசுரோட இருக்கற ஆம்பளைய உச்சிலேர்ந்து உள்ளங்கால்வரைக்கும் அளப்பாங்களா? குழி வெட்றவன் அளக்கறது அது!”

“சட்டைக்கு அளக்கலியாம்மா?” என்றார் பாய்.

“சட்டை வேற, தலை வேற. அளவு நான் குடுத்தனுப்பறேன், போங்க பாய்.”

கொடுத்தனுப்பினாள். யாருடைய அளவு என்று நான் கேட்கவில்லை. தராசுத் தட்டு நூலளவு சாய்ந்தாலும் கண்டுபிடிக்கிறவன், வீட்டில் கேட்காமல் விட்டேன்.

சாமான்கள் வந்தன. போட்டுப் பார்த்தேன். அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. பாய் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகம் சரியில்லை.

“தம்பி, நான் தெச்சது ஆறடி ஆளுக்கு. கைநீளமே மூணு அங்குலம் தள்ளி இருக்கணும். எப்படி ஒட்டிக்கினு நிக்குது?”

அப்போதுதான் உன் தங்கை வாயைத் திறந்தாள். உன் பழைய சட்டை, தொப்பி, செருப்பு இவற்றை வைத்து அளந்திருக்கிறாள். “செத்தவர அளந்தா இன்னா ஆயிடப் போவுது? தொளதொளன்னு இருந்தா பஞ்சு வெச்சுக்கலாம்னு நெனச்சேன்” என்றாள்.

கோட்டைக் கழற்றித் தரையில் போட்டு அளந்தோம். உன் அளவு. என்னை அளக்க அவள் விடவில்லை, ஆனால் உன் காதுக்குக்கூட எட்டாத என் உயரம் எனக்குத் தெரியாதா? மறுபடி மாட்டினேன். தோளில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

மறுநாள் காலை கிளம்பினேன். விக்கிரவாண்டிவரை சுகமான ஓட்டம். அந்த வளைவு திரும்பியதும் கோட்டு படபடவென்று அடித்துக்கொண்டது. கோட்டுக்கை விரல்நுனியைத் தாண்டி இறங்கியது. ஹெல்மெட் தலையில் உருண்டது. உள்ளேயிருந்து யாரோ இறங்கிப் போன மாதிரி இருந்தது, மச்சான். சாயங்காலம் திரும்பும்போது அதே இடத்தில் எல்லாம் மறுபடி இறுகிக்கொண்டது. வீடுவரை அப்படியே.

ஒரு நாள் என்றால் காற்று என்று விட்டிருப்பேன். பதினோரு நாள் பார்த்தேன். வேகத்தைக் குறைத்தும் பார்த்தேன், இறங்கித் தள்ளிக்கொண்டு போயும் பார்த்தேன். துணி திணித்துப் பார்த்தால் வளைவுவரை மூச்சு முட்டியது. உள்ளே எனக்கே இடமில்லை.

உன் தங்கையிடம் சொன்னேன். பயப்படுவாள் என்று நினைத்தேன்.

“அப்போ சாயங்காலம் சாயங்காலம் அண்ணன் நம்ம வூட்டுக்கு வருதா?” என்று கேட்டாள். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து கோட்டை அவளே வாங்கி ஆணியில் மாட்டுவாள். ஆணியில் மாட்டிய எந்தக் கோட்டும் துவண்டுதான் தொங்கும். இது தோளை விறைத்துக்கொண்டு நின்றது. அதனிடம் வீட்டுக் கதையெல்லாம் பேசினாள். கோட்டுப் பையில் அவித்த மல்லாட்டை போட்டுவைத்தாள். காலையில் வளைவு தாண்டி நான் கைவிட்டுப் பார்த்தால் பருப்பு போய் ஓடு, வெறும் தொப்பைதான் இருக்கும். எலி என்று சொல்லிப் பார்த்தேன். எலி பருப்பைத் தின்னும், மச்சான், தொப்பையைத் திரும்பப் பைக்குள் போடுமா?

புதுசாக என் அளவில் தைக்கலாம் என்றால் சண்டைக்கு வந்தாள். “ஏங்க, அது வர்ற வழிய அடைக்கப் பாக்கறீங்களா?” என்றாள்.

போன மாதம் வளைவு தாண்டிக் கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் எதிரே வைக்கோல் லாரி. ஒதுங்கலாம் என்று திரும்பினேன், ஹெல்மெட் சரிந்து கண்ணை மூடிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. லாரியின் சூடு மட்டும் முகத்தில் அடித்துவிட்டுப் போனது. நான் பள்ளத்தில் கிடந்தேன். கையுறை கிழிந்திருந்தது, கை தப்பியது.

மாட்டுவண்டிக்காரர் ஒருவர் தூக்கிவிட்டார். “இன்னா மொதலாளி, மண்டைய காப்பாத்தறேன்னு கண்ணக் கட்டிக்கினு வர்றியா? ஊட்ல சொல்லிக்கினு வந்தியா?”

வீட்டில் ஒன்றையும் மறைக்கவில்லை. பச்சையம்மாள் கிழிந்த கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கோட்டின் எதிரே போய் நின்றாள்.

“அண்ணே, உன்ன அனுப்பிட்டு ஒரு தடவ அழுதுட்டேன். இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரண்ட போவேன்? நீயே சொல்லு.”

காலையில் பாயை அழைத்துவரச் சொன்னாள். அவர் நாடாவை எடுத்ததும், “நவுருங்க பாய், நான் புடிக்கறேன்” என்றாள். புருவத்துக்கு மேலே, காதுக்கு மேலே, பின்மண்டையைச் சுற்றி. அவளே நாடாவை இழுத்துப் பிடித்தாள். நாடாவின் இரண்டு முனையும் சேர்ந்த நேரம், ஆணியில் இருந்த கோட்டின் தோள் இரண்டும் சரிந்தன. பாயும் பார்த்தார். வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டு, “அளவ இன்னொரு தபா பாத்துச் சொல்றேம்மா, விட்றாதே” என்றார்.

வண்டி வாங்கும் மண்டிக்காரர்களே, பாய் சொன்னதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டினால் நெற்றித்தோலும் கூடவே அசைய வேண்டும். தொப்பி மட்டும் அசைந்தால் அது உங்களுடையது இல்லை. எவ்வளவு பிரியமானவருடையது என்றாலும் இல்லை.

புதுசு வந்துவிட்டது. வளைவுக்கு முன்னும் பின்னும் ஒரே பிடி. உன் கோட்டை அவள் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். அது சாதாரணத் தோலாகத்தான் மடிந்தது.

சாயங்காலம் அந்த இடம் வந்தால் என்னையறியாமல் வேகத்தைக் குறைக்கிறேன். பின்பக்கம் கனக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லை. நீ இப்போது எங்கே இருக்கிறாய்? நாங்கள் ஏற்றிக்கொள்ளாததால் நடந்து வருகிறாயா? விழுப்புரத்துக்கு அங்கிருந்து நெடுந்தூரம் ஆயிற்றே.

கோபம் வேண்டாம், மச்சான். சத்தியமாகச் சொல்கிறேன். கடைத்தெருவரை போவதானாலும் ஹெல்மெட் வாரைப் பூட்டாமல் வண்டியை உதைக்க மாட்டேன். வண்டிச் சத்தம் கேட்டு உன் தங்கை வாசலுக்கு வருகிற ஒவ்வொரு சாயங்காலமும், வருகிற ஆள் முழுசாக வந்து இறங்குவான்.

உன் தங்கையைக் கட்டியவன்,
கோவிந்தன்
விழுப்புரம்